குரோமா, கறுப்பா? லென்ஸையும் பாடியையும் தனித்தனியே பார்க்க வேண்டிய காரணம்

லென்ஸைக் கேமராவில் பொருத்தும் லைக்காவின் எம் மவுண்ட் அமைப்பில் ஒரு பாடியும் (லென்ஸில்லாத கேமராவும்) ஒரு 50 மி.மீ. லென்ஸும் வாங்கவிருக்கும் நண்பர் ஒருவர், இரண்டையும் வெள்ளி நிறக் குரோமில் எடுப்பதா, கறுப்பில் எடுப்பதா என்று கேட்டிருக்கிறார். தெருவில் நடந்து படமெடுப்பது, மேடை நிகழ்ச்சிகள், நீண்ட பயணங்கள் ஆகியவை அவருடைய தேவைகள். வாங்கியதைப் பல ஆண்டுகள் வைத்திருந்து பயன்படுத்தும் எண்ணமும் அவருக்கு உண்டு. கறுப்பு பிறர் கண்ணில் படாது, குரோம் தேயாது என்ற இரண்டு கருத்துகளையே அவர் எல்லோரிடமும் கேட்டிருக்கிறார். இரண்டிலும் உண்மை இருக்கிறது என்றாலும், அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு விலையுள்ள பொருளை வாங்கக் கூடாது. நிறத்தைத் தேர்ந்தெடுப்பதாக நினைக்கும்போது நாம் பல நேரங்களில் தேர்ந்தெடுப்பது அந்த நிறத்துக்கு அடியிலிருக்கும் உலோகத்தையே. உலோகம் மாறினால் எடை மாறும், தேயும் விதம் மாறும், கையில் அமரும் சமநிலையும் மாறும். ஆகவே முதலில் உலோகத்திலிருந்து தொடங்குகிறேன்.

குரோம் என்பது பூச்சு அன்று, மின்முலாம். பித்தளையின் மேல் நிக்கல் அடுக்கு ஒன்றை ஏற்றி, அதன்மேல் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமனில் குரோமியத்தைப் படிய வைப்பார்கள். கேமராக்களில் நாம் காணும் அந்த மங்கலான, பட்டுப்போன்ற வெள்ளி மெருகு, முலாம் ஏற்றுவதற்கு முன்பே பித்தளையின் மேற்பரப்பை நுண்மணிகளால் அடித்துச் சொரசொரப்பாக்குவதால் கிடைப்பது. பித்தளை இத்தகைய முலாமை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அலுமினியம் அவ்வாறன்று. காற்றுப்பட்ட உடனேயே அதன்மேல் ஓர் ஆக்சைடு படலம் உருவாகிவிடுவதால், அதில் முலாம் ஏற்றுவது தொல்லையான வேலை. ஆனால் அதே ஆக்சைடு படலத்தை மின்வேதி முறையில் வேண்டுமென்றே தடிக்க வைத்து, அதன் நுண்துளைகளில் கறுப்புச் சாயம் ஏற்றி மூடிவிட்டால், உறுதியான கறுப்பு மேற்பரப்பு கிடைக்கும். அனோடைசிங் என்பது இதுதான். பித்தளையில் இதைச் செய்ய இயலாது. இந்த இரண்டு வேதியியல் உண்மைகளும் சேர்ந்தே, வெள்ளி நிற லென்ஸ் பித்தளையிலும் கறுப்பு லென்ஸ் அலுமினியத்திலும் அமையும் வழக்கத்தை லைக்காவில் பல காலமாக நிலைநிறுத்தி வந்திருக்கின்றன.

பித்தளையின் அடர்த்தி அலுமினியத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. இதன் விளைவை எடை விவரங்களிலேயே காணலாம். 2004-இல் வெளிவந்த சம்மிலக்ஸ் 50 மி.மீ. எஃப் 1.4 ஆஸ்ஃபெரிக்கல் லென்ஸ் கறுப்பில் 335 கிராம், குரோமில் 460 கிராம். சம்மிக்ரான் 35 மி.மீ. எஃப் 2 ஆஸ்ஃபெரிக்கல் கறுப்பில் 255 கிராம், குரோமில் 340 கிராம். உள்ளே இருக்கும் கண்ணாடிகள் ஒன்றே, ஒளியியல் வடிவமும் ஒன்றே. எடை மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அந்த 125 கிராம் கேமராவின் முன்பக்கத்தில் அமர்கிறது என்பதுதான் முக்கியம். கழுத்துப் பட்டையில் தொங்கும்போது குரோம் லென்ஸ் பாடியை முன்னோக்கிச் சாய்க்கும். மாலைவரை நடப்பவருக்கு அது தெரியாமல் போகாது. மறுபுறம், மெதுவான ஷட்டர் வேகத்தில் கையில் பிடித்து எடுப்பவர்களில் சிலர், முன்பக்கத்து எடை கேமராவை நிலைப்படுத்துகிறது என்று குரோம் லென்ஸையே விரும்புகிறார்கள். அவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஃபோகஸ் வளையம் சுழலும்போது கிடைக்கும் கனத்த உணர்வும் பித்தளைக் குழலுக்கே உரியது. ஆயினும் ஃபோகஸின் வழுவழுப்பைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் திருகுமரைதான். அங்கே ஒரே உலோகம் தன்மேல் தானே உராய்ந்து கடித்துக்கொள்ளாமல் இருப்பதற்காகப் பித்தளையையும் அலுமினியத்தையும் இணையாகப் பயன்படுத்துவது பொதுவான முறை. வெளிநிறம் எதுவானாலும் அந்த ஏற்பாட்டில் மாற்றம் இருக்க வேண்டியதில்லை.

பாடிகளில் இந்த வேறுபாடு நெடுங்காலம் இல்லை. 1954-இல் வந்த லைக்கா எம்3 கேமரா முதலே, பின்னால் சொல்லப்போகும் எம்6 போன்ற சில விதிவிலக்குகள் தவிர, மேல்தகடு பித்தளைதான். குரோமானாலும் கறுப்பு பெயிண்டானாலும் அடியில் இருந்தது அதுவே. 2022-இல் வந்த எம்11-இல் நிலைமை மாறியது. கறுப்பு எம்11-இன் மேல்தகடு அலுமினியம், வெள்ளி நிற எம்11-இன் மேல்தகடு பித்தளை. பேட்டரியுடன் சேர்த்துக் கறுப்பு 530 கிராமும் வெள்ளி 640 கிராமும் இருக்கின்றன. குரோம் பாடியும் குரோம் சம்மிலக்ஸும் சேர்ந்தால் 1,100 கிராம். இரண்டும் கறுப்பானால் 865 கிராம். ஒரே கேமரா, ஒரே லென்ஸ், நிறம் மட்டும் வேறு என்று நினைத்து வாங்குபவர் கிட்டத்தட்ட இன்னொரு சிறிய லென்ஸின் எடையைக் கூடுதலாகச் சுமக்கிறார். கடையில் சில நிமிடம் கையில் வைத்துப் பார்க்கும்போது அந்தக் கனம் தரத்தின் அடையாளமாகத் தோன்றும். பயணத்தின் மூன்றாவது நாளிலும் அப்படித் தோன்றுமா என்பதையே நண்பர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதை எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் பொதுவான விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கொசினா நிறுவனம் ஃபோக்ட்லாண்டர் பெயரில் செய்யும் எம் மவுண்ட் லென்ஸ்கள் சிலவற்றில், மங்கலான கறுப்பு அலுமினியத்திலும் பளபளப்பான கறுப்பு பெயிண்ட் பித்தளையிலும் வருகின்றன. அங்கே ஒரு கறுப்பைவிட இன்னொரு கறுப்பு கனமானது. ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100வி கேமராவின் மேல்தகடு, அடித்தகடு இரண்டும் எந்த நிறத்திலும் அலுமினியமே. அங்கே நிறத் தேர்வு நிறத் தேர்வாக மட்டுமே இருக்கிறது. 1976-இல் வந்த கேனான் ஏஇ-1-இன் மேல்மூடியோ, உலோகம்போல் தோன்றும்படி முலாமிட்ட பிளாஸ்டிக். ஆகவே விவரக்குறிப்பில் இரண்டு நிறங்களுக்கும் எடை தனித்தனியே தரப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தரப்பட்டிருந்தால் உலோகம் வேறு என்று பொருள்.

அடுத்தது தேய்மானம். கறுப்பு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறுபட்ட மேற்பரப்புகள் ஒளிந்திருப்பதால்தான் இதைப் பற்றி இவ்வளவு குழப்பம் நிலவுகிறது. முதலாவது, பித்தளையின் மேல் அடித்த கறுப்பு பெயிண்ட். இது மென்மையானது. விரல் படும் இடங்களிலும், பட்டை உரசும் ஓரங்களிலும், லென்ஸ் மாற்றும்போது கை பிடிக்கும் விளிம்புகளிலும் பெயிண்ட் மெல்ல விலகிப் பித்தளையின் மஞ்சள் தெரியத் தொடங்கும். இதை அழகென்று விரும்பி வாங்குவோர் பலர்; 2003-இல் வந்த லைக்கா எம்பி கேமரா கறுப்பு பெயிண்டில் கிடைத்ததற்கு இந்த விருப்பமும் ஒரு காரணம் என்பது என் கருத்து. இரண்டாவது, கறுப்புக் குரோம். சற்று மாறுபட்ட முலாம் கரைசலில் குரோமியமும் அதன் ஆக்சைடும் கலந்து கருமையாகப் படியும். 1971-இல் வந்த எம்5-இலும், பிறகு 1970களின் நடுவில் எம்4-இன் பிற்காலத் தயாரிப்பிலும் லைக்கா இதைக் கையாண்டது. பெயிண்டைவிட மிக உறுதியானது. ஓரங்களில் தேய்ந்தாலும் மெதுவாகத்தான் தேயும். மூன்றாவது, அலுமினியத்தின் மேலான கறுப்பு அனோடைசிங்கும் அதையொத்த புதிய கடினப் பூச்சுகளும். இவை நன்றாகத் தாங்கும். ஆனால் ஆழமான கீறல் விழுந்தால் அடியில் தெரிவது பித்தளையின் இதமான மஞ்சளன்று, அலுமினியத்தின் வெளிறிய வெண்மை. கறுப்பில் வெண்கீறல் எத்தனை ஆண்டானாலும் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். கறுப்பு எம்11-ஐ வாங்கி அது பழைய கறுப்பு பெயிண்ட் எம்3 போல மஞ்சள் ஓரங்களோடு முதிரும் என்று காத்திருப்பவருக்கு ஏமாற்றமே கிடைக்கும்.

வெள்ளிக் குரோம் இவை எல்லாவற்றையும்விட நெடுநாள் புதிதாகவே தெரியும். குரோமியம் மிகக் கடினமானது என்பது ஒரு காரணம். மெல்லிய கீறல் விழுந்தாலும் கீறலின் நிறமும் சுற்றியுள்ள நிறமும் ஒன்றாகவே இருப்பதால் அது கண்ணில் படுவதில்லை என்பது இன்னொரு காரணம். எழுபது ஆண்டுகளைத் தாண்டிய எம்3 கேமராக்கள் பல இன்றும் துடைத்து வைத்ததுபோல் இருப்பதைப் பழைய கேமரா விற்பவர்களிடம் காணலாம். குரோமுக்கும் எதிரி உண்டு, அது வியர்வை. முலாமின் நுண்துளைகள் வழியே உப்பும் ஈரமும் இறங்கினால் அடியிலுள்ள உலோகம் அரிக்கத் தொடங்கி, மேலே சிறு புள்ளிகள் எழும். கடற்கரை ஊர்களிலும் மழைக்காலத்திலும் படமெடுப்பவர்கள், வேலை முடிந்ததும் உலர்ந்த மென்துணியால் துடைத்துவிட்டுப் பையில் வைப்பது போதுமான காப்பு. பழைய பாடி வாங்குவதானால் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 1984-இல் வந்த முதல் எம்6-இன் மேல்தகடு பித்தளை அன்று, வார்த்தெடுத்த துத்தநாகக் கலவை. அவற்றில் சிலவற்றில் மேற்பரப்புக்கு அடியில் துத்தநாகம் அரித்துச் சிறு கொப்புளங்கள் எழுந்திருக்கும். அதைத் துடைத்தோ மெருகிட்டோ சரிசெய்ய முடியாது. 2022-இல் மீண்டும் வெளியிட்ட எம்6-இல் லைக்கா மேல்தகட்டைப் பித்தளைக்கே மாற்றிவிட்டது.

கறுப்புதான் தொழில்முறையாளரின் நிறம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது இன்றும் பலருடைய முடிவைத் தீர்மானிக்கிறது. 1925-இல் விற்பனைக்கு வந்த முதல் லைக்கா கறுப்பு அரக்குப் பூச்சில், நிக்கல் பாகங்களோடு இருந்தது. அதற்குப் போட்டியாக வந்த 1932-இன் கோன்டாக்ஸ் கேமராவும் கறுப்புதான். 1930களில் குரோம் வந்தபோது அதுவே புதுமையாகவும், நீடித்து உழைப்பதாகவும், உயர்ந்ததாகவும் கருதப்பட்டது. 1936-இன் கோன்டாக்ஸ் II குரோமில் வந்தது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் கேமரா என்றாலே வெள்ளி நிறம் என்றாகிவிட்டது. பிறகு, 1950களின் இறுதியில், செய்திப் படக்காரர்களுக்காகக் கறுப்பு பெயிண்ட் பாடிகள் சிறு எண்ணிக்கையில் வரத் தொடங்கின. 1959-இன் நிக்கான் எஃப் இரண்டு நிறங்களிலும் கிடைத்தது. போர்முனைகளிலும் தெருப் போராட்டங்களிலும் அந்தக் கறுப்பு நிக்கான்கள் தென்பட்டபோது, கறுப்பு என்பது தொழிலின் அடையாளமாகிவிட்டது. 1971-இல் கேனான் தன் எஃப்-1-ஐக் கறுப்பிலேயே கொண்டுவந்தது. ஆக, எளிய பூச்சாகத் தொடங்கிய கறுப்பு அரை நூற்றாண்டில் தகுதியின் சின்னமானது. உயர்வாகத் தொடங்கிய குரோம் அமெச்சூரின் நிறமானது. பொருளின் தரம் இதில் எங்கும் மாறவில்லை. பார்ப்பவரின் கருத்தே மாறியது. ஒருவர் தம் கேமராவைப் பார்த்துப் பிறர் என்ன நினைப்பார்கள் என்பதற்காகக் கறுப்பைத் தேர்ந்தெடுப்பது எனக்கு ஏற்புடையதன்று.

கண்ணில் படாமை என்ற வாதம் அதைவிட வலுவானது. புகழ்பெற்ற பிரெஞ்சுப் படக்கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் தம் குரோம் லைக்காவின் பளபளக்கும் பகுதிகளைக் கறுப்பு டேப்பால் மூடிவைத்திருந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. ஆனால் தெருவில் ஒருவரைத் திரும்பிப் பார்க்க வைப்பது பெரும்பாலும் நிறமன்று. கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தும் அசைவும், அங்கேயே நின்று தயங்கும் நேரமும்தான். சிறிய வெள்ளி நிறக் கேமராவைப் பழைய ஃபிலிம் கேமரா என்று எண்ணி மக்கள் இயல்பாக விட்டுவிடுவதும், பெரிய கறுப்புக் கேமராவைக் கண்டு எந்தப் பத்திரிகை என்று விசாரிப்பதும் உண்டு. மேடையருகே நிலைமை வேறு. இருண்ட அரங்கில் மேடை விளக்கு குரோமில் பட்டுச் சிதறும்போது, அது மேடையில் இருப்பவரின் கண்ணையும் பின்வரிசைக்காரரின் கண்ணையும் உறுத்தும். மேடை நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து எடுப்பவர் கறுப்பு பாடி வைத்திருப்பது, படத்தின் நன்மையைவிட அரங்கில் இருப்போர்மீது காட்டும் மரியாதை என்றே நான் கருதுகிறேன்.

படத்தின் தரத்தை வெளிநிறம் பாதிக்குமா என்றால், வழக்கமான சூழல்களில் இல்லை. லென்ஸின் உட்சுவர் எந்த நிறத்துப் பதிப்பிலும் கறுப்பாகவே இருக்கும். சிதறும் ஒளியைத் தடுப்பது அதுதான். இதற்கு ஒரே முக்கியமான விதிவிலக்கு பிரதிபலிப்பு. கண்ணாடி ஜன்னல் வழியே, அருங்காட்சியகப் பெட்டியின் முன், பளபளப்பான பொருளை மிக அருகில் என்று எடுக்கும்போது, வெள்ளி நிற முன்வளையம் கண்ணாடியில் தெரிந்து படத்துக்குள் புகுந்துவிடும். ஃபில்டர் மாட்டியிருந்தால், லென்ஸ் முகப்பில் பொறித்த வெள்ளை எழுத்துகள்கூட அந்தக் கண்ணாடியின் உட்புறத்தில் பிரதிபலிக்கக்கூடும். இது கறுப்பு லென்ஸிலும் நடக்கும்.

இந்த நுட்பத்துக்கு விண்வெளிப் பயணங்களைவிடச் சிறந்த சான்றை நான் அறியேன். 1962-இல் அமெரிக்காவின் மெர்க்குரி விண்கலத்தில் பறந்த விண்வெளி வீரர் வால்டர் ஷிர்ரா எடுத்துச் சென்ற ஹாசல்பிளாட் 500சி கேமராவுக்குக் கறுப்பு பெயிண்ட் அடிக்கப்பட்டது. கலத்தின் ஜன்னல் வழியே படமெடுக்கும்போது கேமராவின் பளபளப்பு கண்ணாடியில் பிரதிபலிக்கக் கூடாது என்பதே நோக்கம். 1969-இல் அப்பல்லோ 11 நிலவில் இறங்கியபோது, நிலவின் தரையில் பயன்படுத்திய ஹாசல்பிளாட்டுக்கு வெள்ளி நிற மேற்பரப்பு கொடுத்தார்கள். அங்கே ஜன்னல் இல்லை. வெயிலுக்கும் நிழலுக்கும் இடையேயான கடும் வெப்ப மாற்றத்திலிருந்து கேமராவைக் காப்பதே கவலையாக இருந்தது. ஏழு ஆண்டு இடைவெளியில், ஒரே தயாரிப்பாளரின் கேமராவுக்கு எதிரெதிரான இரண்டு நிறங்கள், இரண்டுக்கும் வேலையிலிருந்து பிறந்த காரணங்கள். நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை இப்படித்தான் இருக்க வேண்டும்.

அன்றாட வெயிலில் வெப்பத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கறுப்பு கூடுதல் வெப்பத்தை உறிஞ்சும் என்பது உண்மை. ஆனால் பளபளப்பான உலோகம் தான் பெற்ற வெப்பத்தை எளிதில் வெளியே கதிர்வீசாது. ஆகவே உச்சிவெயிலில் வைத்த குரோம் கேமராவும் தொட முடியாத அளவுக்குச் சுடும். வெயிலை நன்றாகத் திருப்பி அனுப்பி, பெற்ற வெப்பத்தையும் நன்றாக வெளிவிடுவது வெள்ளை பெயிண்ட்தான். கேனான் தன் பெரிய டெலிஃபோட்டோ லென்ஸ்களை வெள்ளையாகச் செய்வது வெப்பத்தில் விரிவடையும் பாகங்களைக் காக்கும் இந்தக் காரணத்துக்காகவே. நம் கையளவு கேமராவுக்கு நிழலில் வைப்பது போதும்.

பலரும் எண்ணிப் பார்க்காத ஒன்று எழுத்துகளின் தெளிவு. கறுப்பு லென்ஸில் தூர அளவும், ஒளி புகும் துளையின் அளவைக் காட்டும் எண்களும் வெண்மையாக இருக்கும். மங்கிய ஒளியில் அவற்றைப் படிப்பது எளிது. குரோம் லென்ஸில் எண்கள் கறுப்பு. அரையிருளிலும், நேர்வெயில் குரோமில் பட்டு மின்னும்போதும், அவை கண்ணுக்குச் சற்றுச் சிரமம் தரும். தூரத்தை முன்கூட்டியே அளவுகோலில் வைத்துவிட்டு, வியூஃபைண்டரைப் பாராமல் எடுக்கும் தெருப் படக்காரருக்கு இந்த வேறுபாடு எடைக்கு அடுத்தபடியாக முக்கியமானது.

நண்பரின் தேவைகளுக்கு என் பரிந்துரை இது. லென்ஸைக் கறுப்பில் வாங்குங்கள். எடை குறைவு, எண்கள் தெளிவு, கண்ணாடி வழியே எடுக்கும்போது தொல்லை குறைவு என மூன்று காரணங்களும் ஒரே பக்கம் நிற்கின்றன. எதிர்ப்பக்கத்தில் பித்தளையின் கனமான தொடுவுணர்வு மட்டுமே இருக்கிறது. பாடியைப் பொறுத்தவரை, மேடை நிகழ்ச்சிகளே உங்கள் வேலையில் பெரும்பகுதி என்றால் கறுப்பு. தெருவும் பயணமுமே பெரும்பகுதி, 110 கிராம் கூடுதல் எடை பொருட்டில்லை என்றால் குரோம். பழைய ஃபிலிம் பாடி வாங்குவதாக இருந்தால் என் விருப்பம் தயக்கமின்றிக் குரோம்தான், ஏனெனில் அங்கே எடை வேறுபாடு இல்லை, விலையும் பெரும்பாலும் குறைவு. எம்3, எம்2 காலத்துக் கறுப்பு பெயிண்ட் பாடிகள் அரியவை என்பதால் அவற்றின் விலை மிக உயர்ந்திருக்கிறது. அதனாலேயே குரோம் பாடியைச் சுரண்டிக் கறுப்படித்து அசல் என்று விற்பதும் நடக்கிறது. வரிசை எண்ணைத் தயாரிப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அத்தகைய பாடிக்கு அசலின் விலையைக் கொடுக்க வேண்டாம். மறுபூச்சு என்று வெளிப்படையாகச் சொல்லி, அதற்கேற்ற விலையில் தந்தால், பயன்படுத்துவதற்கு அதில் குறையொன்றும் இல்லை.

குரோம் பாடியில் கறுப்பு லென்ஸ் பொருந்தாது என்று யாராவது சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். அந்த இணையைப் பல ஆண்டுகளாகப் பலரும் பயன்படுத்தி வருகிறார்கள், பார்க்கவும் நன்றாகவே இருக்கிறது. கறுப்பு பாடியில் குரோம் லென்ஸ் அமைந்தால் முன்பக்கத்துக் கனமும் முன்பக்கத்துப் பளபளப்பும் ஒருசேர வந்துவிடுவதால், அந்த இணையை மட்டும் தேவையின்றி நாட வேண்டாம். எந்த லென்ஸானாலும், முன்னால் மாட்டும் ஒளிமறைப்பான ஹூடைக் கறுப்பிலேயே வாங்குங்கள். குரோம் லென்ஸுக்கு வெள்ளி நிற ஹூட் அழகாகத் தெரிந்தாலும், ஜன்னல் கண்ணாடியில் முதலில் பிரதிபலிப்பது அதன் விளிம்புதான்.